மியெனின் செங்கல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்குக் காரணம் ஒரு செங்கல். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஹனோயில் அரசு அலுவலகம் ஒன்றில் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசிக் கடை வரிசையில் பெயர் எழுதிய செங்கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். கல் இருந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு.

(முதலில், "ஏரியின்மேல் பனி படர்ந்த அந்தக் காலையில்…" என்று தொடங்கினேன். சே! ஏரியை எவன் பார்த்தான்?)

2
கடன் தவணை கட்ட முடியாமல் எங்களுக்கும் கடன் கொடுத்த வாஷிங்டன் நிதியக்காரர்களுக்கும் முறுக்கிக்கொண்டிருந்த நேரம். தட்டுப்பாடே இல்லை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். நேரில் பார்க்க அங்கிருந்து ஒருவர் வந்தார். காரில் அவர், மொழிபெயர்ப்பாளர் மியென், எங்கள் அதிகாரி தோவான். கடையெதிரே நிறுத்தச் சொல்லி இறங்கியவர், வரிசையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஏதோ கேட்டார்.

போச்சு! அது மியெனின் கல்.

"கட்டட வேலைன்னு சொல்லிடும்மா," என்றார் தோவான், எங்கள் மொழியில், சிரித்த முகமாக. "வேற ஏதாவது வாயில வந்துச்சு, நாளையிலேருந்து ஆபீஸ் பக்கமே வரவேணாம்."

"சரிங்கண்ணே."

மியென் பேசினாள். கட்டட வேலை என்று சொல்ல அவ்வளவு நேரமா பிடிக்கும்? அந்த மனிதர் கல்லை இரண்டு கையாலும் எடுத்த இடத்திலேயே வைத்தார். கோணலாக இருந்ததை நேராக்கவும் செய்தார்.

3
என்ன சொன்னாள்? எனக்கும் தோவானுக்கும் ஆங்கிலம் தெரியாது. இந்தக் கதையின் ஒரு வரைவில், "இது கல் இல்லை ஐயா, நான்தான்" என்று அவளைச் சொல்லவைத்தேன். நாடகத்தனம், அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவள் அழுதுகொண்டே… வேண்டாம். அவள் அழவில்லை.

4
சாயங்காலம் தோவான் ஒரு தாளை நீட்டினார்.

"தம்பி, அவ மாத்திச் சொன்னான்னு ஒரு வரி எழுதிக் குடு. சாட்சி வேணும்."

"எனக்கு அந்த பாஷை தெரியாதேண்ணே."

"அந்தாளு கல்லை எப்படி வெச்சான்னு பாத்தேல்ல? அது போதும். இல்ல, நீயும் அவகூடவே வீட்டுக்குப் போறியா?"

ஆக, இந்தக் கதையை நான் முதன்முதலில் எழுதியது அன்றைக்குத்தான், ஒரே வரியில். வெளி பெஞ்சில் மியென் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எழுதுங்கண்ணே. உங்களுக்கும் புள்ளைங்க இருக்கு," என்றாள்.

எழுதினேன். என்னவென்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. என் மேல் கோபப்படுமுன் இந்தத் தாளைப் பிடியுங்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாதக் கடைசி, அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதுங்கள்: