ஏழாம் பக்கத்துப் படம்

1.

இந்தக் கதை, ஒரு புகைப்படத்துக்கு அடியில் நான் எழுதிய இரண்டு வரியால் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொடர்கதை எழுதுவது போக, ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் நிதி திரட்டும் அலுவலகத்தில் எனக்கு அரைநாள் வேலை. நன்கொடையாளர்களுக்குப் போகும் இதழைத் தயாரிப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிற்றாலயத்து மணி ஒலிக்க, மாணவர்கள் சிரித்தபடி...’

வேண்டாம். சிரிப்பில் தொடங்கினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

2.

அவளைக் ‘கத்தரி’ என்போம். நன்கொடை உறைகளைக் கத்தரிக்கோலால் நூல் பிடித்தாற்போல் வெட்டித் திறப்பாள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: உறையைத் திறந்தவரே இரண்டு நாளுக்குள் போனில் நன்றி சொல்ல வேண்டும். உறைக்குள் வரும் அட்டையில் ‘ஜெபக் குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைச் சனிக்கிழமை ஆராதனையில் போதகர் வாசிப்பார்.

போட்டோ எடுத்த அன்று, “என் மூஞ்சி வேண்டாம்க்கா” என்றாள்.

“ஆமா, பெரிய உலக அழகி! சும்மா நில்லுடி.”

(கூச்சம் என்று நினைத்தேன். பத்துத் தொடர்களில் பயந்த பெண்களை எழுதியவள் நான். நேரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.)

ஏழாம் பக்கத்தில் அவள் படம். அடியில் என் வரிகள்: ‘உங்கள் உறையைத் திறப்பவர் இவரே. நன்றி சொல்லப்போகும் குரலும் இவருடையதே.’

3.

மூன்று வாரம் கழித்து அந்த அட்டை வந்தது. அழகான கையெழுத்து.

‘என்னை விட்டுப் போன மனைவி, உங்கள் இதழில் சிரிக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சனிக்கிழமை நேரில் வந்து அழைத்துப்போகிறேன். ஜெபியுங்கள்.’

“என்ன கத்தரி, ஜெபத்துல நன்மை நடந்துச்சுன்னு நல்ல சாட்சி ஏதாச்சும் வந்துதா?” போதகர் எட்டிப் பார்த்தார்.

“இல்லீங்க ஐயா.” அட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனதும், “அவர்கிட்ட சொல்லிரலாமே” என்றேன்.

“சொன்னா சேத்து வைக்கப் பாப்பாருக்கா. நல்ல மனுஷன்ல.”*

பிறகு போனை என் பக்கம் தள்ளினாள். “நீங்க பேசிருங்க. எங்க வீட்டுக்காரர் வர வேணாம்னு எதாச்சும் சொல்லுங்க. என் குரல் அவருக்குத் தெரியும்.”

* இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

4.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். சனிக்கிழமை ஆராதனை இல்லை என்றும் சொன்னேன்.

“அப்படியா? சந்தோஷம்மா.” தேன் ஒழுகும் குரல். “ஆனா உறையைத் திறந்தவங்கதானே கூப்பிடுவாங்க? இதழ்ல அப்படித்தான் போட்டிருந்தீங்க.”

“அவங்க... வேலைய விட்டுட்டாங்க.”

“ஓ. பக்கத்துல யாரோ மூச்சு விடுறது கேக்குதும்மா. ஓடி வந்த மாதிரி. அவ பயந்தா அப்படித்தான் விடுவா.”

போனை வைத்துவிட்டேன். கத்தரி எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டாள்.

5.

முடிவு (அ): வெள்ளிக்கிழமையே ஒரே பையோடு அவள் கிளம்பிவிட்டாள்.

முடிவு (ஆ): சனிக்கிழமை அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். போதகர் தோளைத் தட்டி, “உங்க மனைவி எங்க?” என்று கேட்டார். சபை முழுக்க அன்போடு திரும்பி அவளைப் பார்த்தது.

முடிவு (இ): அவளும் நானும் சேர்ந்து...

இந்த மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று எழுத மாட்டேன். அவள் கணவர் எந்தப் பத்திரிகையையும் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படிக்கிற மனிதர். இதையும் படித்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். அவள் பெயரையும் எடுத்துவிட்டேன். கத்தரிக்கோல்கூட நிஜத்தில் வேறொன்று.

ஒருநாள், ஓர் இதழிலிருந்து வெட்டியெடுத்த படத்தோடு, மரியாதையான ஒருவர் உங்கள் அலுவலக வாசலில் நிற்பார். “இவங்களப் பாத்திருக்கீங்களா?” என்பார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையின் கடைசி வரி, அப்போது நீங்கள் சொல்லப்போகிற பதில்தான். யோசித்துச் சொல்லுங்கள். நான் யோசிக்காமல் இரண்டு வரி எழுதினேன்.