அம்மாவுக்குப் படிக்காதே

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் நடந்த அன்று காலை ஊரே ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு கிடந்தது. அடையாள அட்டையின் கடைசி மூன்று எண்ணுக்கு என்ன சீட்டு விழுகிறதோ, அதுதான் அந்த வருஷத்துப் பையன்களின் தலையெழுத்து. அன்செல்மோவுக்கு நாற்பத்தொன்று விழுந்தது. சின்ன எண், பட்டாளம் கிடையாது. எவாரிஸ்தோவுக்கு அறுநூற்று எண்பத்தெட்டு. அன்செல்மோவின் அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அன்செல்மோ கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தான்.

"ஒரு வருஷந்தானடா," என்றான் எவாரிஸ்தோ. "மொட்டையடிப்பாங்க, உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்வாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள வேற எவனையாச்சும் பாத்து வச்சே, கொன்னுடுவேன்."

பரானா ஆற்றங்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓட்டைப் படகின் மறைவில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னான். அவர்கள் இரண்டு பேருக்கும் வீடு வாசல் எல்லாம் அந்தப் படகுதான். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. முந்தின வருஷம் முடிவெட்டும் கடைப் பையனை இதே காரியத்துக்காகப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. ஒன்பதாம் நாள் திரும்பி வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.

எவாரிஸ்தோ ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில்தான் நாட்டை ஆண்ட தளபதிகளுக்குத் திடீரென்று தெற்கே கடலில் இங்கிலீஷ்காரன் வசம் இருக்கும் தீவுகள் ஞாபகம் வந்தன. ஆறு வருஷமாகச் சொந்த ஜனங்களை ராவோடு ராவாகத் தூக்கிக்கொண்டு போன மகானுபாவர்களுக்கு அப்படி ஒரு தேசப்பற்று! ஊரில் கொடி பறந்தது, கம்பளி பின்னினார்கள், சாக்லேட் சேர்த்தார்கள். பனியையே பார்த்திராத எங்கள் கொரியேந்தெஸ் மாகாணத்துப் பையன்களை அந்தக் குளிரில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

எவாரிஸ்தோவின் அம்மா எர்மெலிந்தா ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. அன்செல்மோவுக்குத் தபாலாபீஸில் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாத்தே டீ ஊற்றிக் கொடுத்து, மகனுக்குக் கடிதம் சொல்வாள்.

"எழுதுடா. கம்பளிக் காலுறைய ரெட்டையாப் போட்டுக்கச் சொல்லு. கோழி அடை வச்சிருக்குன்னு எழுது. வேற என்ன... அவ்வளவுதான்."

அவளுக்கு அவ்வளவுதான். அன்செல்மோவுக்கு அதற்கு மேல்தான் ஆரம்பம். அவள் சொன்னதற்குக் கீழே, அவள் சொன்னதைப் போலவே, தன்னுடையதை எழுதுவான். 'ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. படகை யாரும் எடுக்கவில்லை, நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். உன் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.' கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பட்டாளத்து ஆபீசர் தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொள்வான். மானம்கெட்ட அந்த அரசாங்கத்தின் மூக்குக்குக் கீழே, அதன் முத்திரையையே குத்திக் காதல் கடிதம் அனுப்புகிறோம் என்பதில் அன்செல்மோவுக்கு ஒரு குஷி. அந்த இரண்டு மாதத்தில் அவனுக்கு இருந்த ஒரே குஷியும் அதுதான்.

பதிலும் அதே மாதிரி வந்தது. மேலே அம்மாவுக்கு, கீழே படகுக்கு. 'சாப்பாடு பிரமாதம் அம்மா, பெத்ரோனா சித்தி வீட்டு விருந்து மாதிரியே' என்று ஒருமுறை எழுதியிருந்தான். வாசித்துக்கொண்டே அன்செல்மோ சிரித்துவிட்டான், அப்புறம்தான் அர்த்தம் உறைத்தது. பெத்ரோனா சித்தி நாலு விருந்தாளிக்கு ஒரே ஒரு சீஸ் ரொட்டியை வெட்டி வைத்தவள். எங்கள் தெருவில் அது தெரியாத ஆளே கிடையாது.

ஜூனில் போர் முடிந்தது. தோற்றோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மாதம் இருபதாந்தேதி வாக்கில் இரண்டு ராணுவத்தார் வந்து எர்மெலிந்தாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். உடம்பு தீவிலேயே இருக்கிறது என்றார்கள். ஒன்பது நாள் ஜெபமாலையிலும் அன்செல்மோ நாற்காலி தூக்கினான், தம்ளர் கழுவினான். "நல்ல சிநேகிதன்," என்று பெண்கள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவன் ஓவென்று அழ வேண்டிய அழுகையை ஒரு சிநேகிதன் எவ்வளவு அழலாமோ அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான்.

ஜெபமாலை முடிந்த மறுநாள் கடிதம் வந்தது. காயம்பட்டுக் கரைக்கு வந்த சகா ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியிலிருந்து போட்டிருந்தான். தணிக்கை முத்திரை இல்லை. உறைமேல் எர்மெலிந்தாவின் பெயர். அன்செல்மோ அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினான்.

"படிடா," என்றாள்.

பிரித்தான். முதல் வரி: 'அன்செல்மோ, இதை அம்மாவுக்குப் படிக்காதே.'

முழுக்க அவனுக்கு. ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தான். பசியில் ஓர் ஆட்டைத் திருடியதற்கு லெப்டினன்ட் தன்னைக் கையும் காலும் முளையில் கட்டி ஈரத்தரையில் ஒரு பகல் முழுக்கப் போட்டிருந்ததை. கால்விரல்கள் கறுத்துப்போனதை. கண்ணை மூடினால் படகு தெரிவதை. 'நான் திரும்பி வரமாட்டேன். உன்னை முத்தமிட்டதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.'

அன்செல்மோ அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே கம்பளி, கோழி, பிரார்த்தனை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் படித்தான். எர்மெலிந்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கடிதம் வந்த சேதி நகரசபைக்கு எட்ட ஒரு மணி நேரம் ஆகவில்லை. காரியதரிசி வந்து நின்றார்.

"ஒன்பதாந்தேதி சுதந்திர தின விழாவுல நகரத் தலைவரே படிக்கணும்னு ஆசப்படறார். வீரனோட கடைசி வார்த்த இல்லியா? குடுங்கம்மா."

அன்செல்மோ முந்திக்கொண்டான். "பென்சில்ல எழுதியிருக்கு சார், அழிஞ்சு கெடக்கு. நான் நல்லா எழுதிக் கொண்டாறேன்," என்று கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். எர்மெலிந்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மத்தியானம் ஊர் தூங்கும் நேரத்தில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வேறொரு கடிதம் எழுதினான். உண்மைக் கடிதத்தை மூன்று தரம் படித்தான். ஒளித்துவைக்க எத்தனையோ இடம் இருந்தது. ஆனால் பயம் வந்துவிட்டால் மனிதனுக்கு இடமே கண்ணில் படாது. முடிவெட்டும் கடைப் பையனின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. கெட்டில் சூடாகிக்கொண்டிருந்த அடுப்புக்கரியில் கடிதத்தைப் போட்டான். அது எரிந்து முடியும்வரை நின்றான்.

விழாவில் நகரத் தலைவர் மைக்கைத் தட்டினார். ஓட்டு வாங்கி வந்தவரல்ல, தலைநகரம் அனுப்பிய பழைய கர்னல். ஊர் நடப்பு ஒன்றும் தெரியாதவர். கணீரென்று படித்தார்.

"அன்புள்ள அம்மா, இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. கடைசிவரை பெத்ரோனா சித்தி வீட்டில் விருந்து சாப்பிட்டது போலவே சாப்பிட்டோம்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பெத்ரோனா சித்தியின் முகம் சிவந்தது, பிறகு சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். தீவுக்குப் போன இன்னும் மூன்று பையன்களின் அம்மாக்கள் அங்கே இருந்தார்கள். நகரத் தலைவர் கூட்டம் உருகிவிட்டதாக நினைத்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். அன்செல்மோ எவாரிஸ்தோவிடம் மனசுக்குள் சொன்னான்: பாத்தியாடா, அவன் வாயாலயே சொல்ல வச்சுட்டேன்.

வீடு வந்ததும் எர்மெலிந்தா கதவைச் சாத்தினாள்.

"இப்பக் குடு."

"எத?"

"எம்மவன் எழுதினத. அவங்களுக்கு நீ எழுதினதக் குடுத்தே, சரி. என்னோடது எங்க?"

"அது... நான் படிச்சதுதானே தோன்யா எர்மெலிந்தா, அதேதான்..."

"டேய். உன் கண்ணு நாலு வரி போவும், வாயி ஒரு வரி சொல்லும். ரெண்டு மாசமாப் பாக்கறேன். நான் சொல்றது ரெண்டு வரி, நீ எழுதறது ஒரு பக்கம். எழுத்துதான் தெரியாது எனக்கு, கண்ணு தெரியாதா?" குரல் ஏறவில்லை. "உங்க விஷயம் எனக்குத் தெரியும்டா. அங்க சாகக் கெடக்கறவனுக்கு ஆசையா எழுத ஒருத்தனாச்சும் இருக்கானேன்னு விட்டேன். அதுல என்ன எழுதியிருந்தாலும் இருக்கட்டும். நான் என்ன அதப் படிக்கவா போறேன்? அவன் கை பட்ட காகிதம்டா அது. குடு."

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெல்ல மெல்ல அவளுக்குப் புரிந்தது.

"கொளுத்திட்டியா?"

தலையாட்டினான்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம். அவளுக்கு உடம்பும் வரவில்லை, கல்லறையும் வரவில்லை, வந்த ஒன்றும் இப்போது இல்லை. அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் கையில புடிச்சிருந்தே?"

வலது கையைக் காட்டினான். அதை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். உள்ளங்கையை, விரல் நுனிகளை, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"சோப்பு வாசந்தான்டா வருது," என்று சொல்லிக் கையை விட்டாள்.