அரைநாளின் நெஞ்சில் இருந்த தவளைகள்

நானூறு வீடுகள் கட்ட அனுமதி கிடைத்த மூன்றாம் நாள் காலை, அரைநாளின் இடது நெஞ்சுக்குள் தவளைகள் கத்தத் தொடங்கின. அப்போது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒன்று, பிறகு நான்கைந்து, வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் பதினொன்று. வெளியே அந்த வருடத்தின் முதல் மழை தூறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையில் சந்தேகம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குரலை வைத்தே தவளை எண்ணுகிற மனிதர் அவர். முகத்தைத் துடைத்தபடி சமையலறைக்கு வந்து, இன்ன இனம், இத்தனை என்று மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவர் சட்டைமேல் காதை வைத்துக் கேட்டாள். "ஆமாங்க" என்றாள்.

கட்டடம் எழும்பும் முன் அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுதித் தருவது அவர் தொழில். அந்த அறிக்கை இல்லாமல் அனுமதி அலுவலகம் எந்த வரைபடத்திலும் முத்திரை குத்தாது. சரியான பருவத்தில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. கையேடு அவர் கம்பெனி மேனேஜரின் மேசையில், பேப்பர் பறக்காமல் இருக்க வைத்த பாரமாக இருந்தது. காலையில் ரப்பர் பூட்ஸோடு இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிடுவார் என்பதால் அவருக்கு அரைநாள் என்று பெயர் வந்தது. வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள்.

நானூறு வீடுகள் வரவிருந்த சதுப்பு நிலத்துக்கு அவரைக் கோடையின் நடுவில் அனுப்பியிருந்தார்கள். சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பின்னாளில் அவர் நெஞ்சில் கத்திய, முதுகில் மஞ்சள் கோடு ஓடும் அந்தச் சின்னத் தவளை வருடத்தில் எட்டு மாதம் முழங்கால் ஆழத்தில் மண்ணுக்குள் தூங்கும். மழை விழுந்தால்தான் தலைகாட்டும். அது ஒன்றே ஒன்று இருந்தாலும் அங்கே ஒரு செங்கல் வைக்கச் சட்டம் விடாது. இது தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் அரைநாள் அதில் ஒருவர். ஆகவே அவர் பொய் எழுதவில்லை. 'இந்தப் பருவத்தில் தவளைகள் தென்படவில்லை' என்று எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அறிக்கைகளை மனைவிதான் தட்டச்சு செய்வாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள், ஓர் ஒற்றெழுத்தைக்கூட விடமாட்டாள். அவள் அனுப்பிய வரைவைப் பார்த்துவிட்டு, அவர் குளிக்கப் போயிருந்தபோது மேனேஜர் போன் செய்தார்.

"அக்கா, பிரமாதமா வந்திருக்கு. அந்த வரியில முதல் ரெண்டு வார்த்தைய மட்டும் தூக்கிடுங்க. கடன் குடுக்கிற பேங்க்காரன் பாத்தா, அப்ப வேற பருவத்துல என்னன்னு நோண்டுவான்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"இதுக்குப் போயா? அவர் பாக்கலைங்கிறது உண்மைதானே. நாம எதையும் சேர்க்கச் சொல்லலியே."

அவள் எடுத்துவிட்டாள். அந்த இரண்டு சொற்கள் போனதும் பத்தி அழகாக ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. அரைநாள் தலை துவட்டிக்கொண்டே வந்து கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அவள் தட்டச்சில் பிழை இருக்காது.

முதல் வருடம் தவளைகள் மழை நாட்களில் மட்டும் கத்தின. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் அவர் பையை முறைத்துப் பார்ப்பார்கள். மனைவியின் அண்ணன் வரும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வைத்துக்கொள்வார். "நுணலும் தன் வாயால கெடும்னு சொல்வாங்க. நம்ம மாப்பிள்ளை கையெழுத்தால கெட்டாரு" என்பார். அரைநாளும் சிரிப்பார், அவர் சிரித்தால் உள்ளே ஒரு நொடி அமைதியாகும். இரண்டாம் வருடம் முப்பதாகி, மூன்றாம் வருடம் மூச்சு குறுகியது. பூட்ஸ் மாட்டக் குனிந்தால் நிமிர ஆள் வேண்டியிருந்தது. எக்ஸ்ரே படத்தில் அவை கால்களை மடக்கி, விலா எலும்புகளுக்கிடையே அலமாரியில் அடுக்கியதுபோல் உட்கார்ந்திருந்தன. அறுவை மருத்துவர், ஒரு மணி நேர வேலை, எடுத்துவிடலாம் என்றார். ஆனால் பாதுகாக்கப்பட்ட இனம். வாழும் இடத்திலிருந்து அகற்ற அனுமதிக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் கத்தியைத் தொட்டால் தன் வேலை போய்விடும் என்றார்.

மனைவி அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் நல்லவர், உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். கோப்பைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்த வட்டாரத்துல அந்தத் தவளை கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரு, பாருங்க. இல்லாததை எடுக்க நான் எப்படிம்மா அனுமதி குடுக்கிறது?"

"நெஞ்சுல கத்துதுங்க."

"கத்தட்டும்மா. ரிப்போர்ட்ல இல்லியே."

அவள் வரியைப் பார்த்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, போன் வந்ததையும் இரண்டு சொற்களை எடுத்ததையும் அவரிடம் சொன்னாள். அவர் ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நான் மழையில போயிருந்தா," என்றார், "அந்த ரெண்டு வார்த்தைக்கே வேலை இருந்திருக்காது. நீ எதுக்கு அழற?"

அறிக்கையைத் திருத்தக் கோரி அவர் மனுப் போட்டார். திருத்த வேண்டுமானால் அதே நிலத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றது அலுவலகம். பார்த்தார்கள். இப்போது அங்கிருந்த நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் தவளை ஏதும் தென்படவில்லை. மனு தள்ளுபடியானது. மேனேஜர் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, அரைநாளை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார். மனைவி விடவில்லை. நிலத்தை விடுங்கள், என் புருஷனைப் பாருங்கள் என்று புது மனு எழுதினாள். சரியான பருவம் வரட்டும் என்று நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மழை தொடங்கியதும் மூன்று நிபுணர்கள் வந்தார்கள், கையேட்டில் உள்ளபடி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மைக் வைத்து, வெப்பமும் ஈரமும் அளந்தார்கள். அவ்வளவு அக்கறையாக ஒரு கணக்கெடுப்பு நடந்து அரைநாள் பார்த்ததில்லை. அவர்கள் தவறவிட்ட இரண்டு குரல்களை அவரே சுட்டிக்காட்டினார். மொத்தம் அறுபத்து மூன்று. வெதுவெதுப்பு, ஈரம், பாம்பு கிடையாது. மிகச் சிறந்த வாழிடம் என்று எழுதினார்கள். இதற்கு ஒப்பான வேறோர் இடம் காட்டினால் அகற்றலாம் என்று முடித்தார்கள்.

ஊரில் ஒப்பான இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் நானூறு குடும்பங்கள் குடியிருந்தன. மனைவி மூன்று நாள் யோசித்தாள். பிறகு படிவத்தில் மாற்று இடம் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி, அதே வீடு, அதே தண்ணீர், அதே காற்று என்று காரணம் காட்டினாள். அண்ணன் சத்தம் போட்டார். "உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேரையும் தூக்கிப் போடவா நான் இருக்கேன்?" அரைநாளுக்கு அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். இந்த முறையும் படிக்காமலேயே போட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நல்ல மழை. அறுபத்து மூன்றும் ஒரே நேரத்தில் கத்தின. அரைநாள் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் குனிந்து வாயருகே காதை வைத்தாள். தவளைச் சத்தத்தில் கேட்கவில்லை. "என்னங்க?" என்றாள். மறுபடியும் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. பிறகு அவர் உதடு அசையவில்லை. அவள் அவர் நெஞ்சில் நெஞ்சு வைத்து விழுந்து கிடந்தாள், அண்ணன் வந்து தூக்கும்வரை. தூக்கும்போது அவர் பக்கம் அமைதியாக இருந்தது, சத்தம் அவள் பக்கம் வந்திருந்தது. அண்ணன்தான் முதலில் கவனித்தார், கைகளை விலக்கிக்கொண்டார்.

அனுமதிக் கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. ஐந்து வருடம் கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை. மழைக்காலம்தோறும் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் மூன்று முறை வருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மனைவியின் நெஞ்சில் காதை வைத்து எண்ணுகிறாள். இனம் நன்றாகப் பெருகியிருக்கிறது, இடமாற்றம் வெற்றி என்று போன வருட அறிக்கையில் எழுதியிருந்தாள். இந்த வருடம் எண்ணி முடித்து எழுந்தவள், தாளை மடிக்காமல் நின்றாள்.

"மூச்சு வாங்குதாம்மா?"

"மாடி ஏறினா வாங்குது."

அந்தப் பெண் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். மூச்சு வாங்குவதை எழுத அதில் இடமில்லை. எழுபத்தெட்டு என்று மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.