உலைமுகத்து வில்லைகள்

வேனில் முதிர்ந்து நின்றது. மரங்கள் தம் நிழலைத் தம் அடியிலேயே சுருட்டிக்கொண்டன. புள்ளினம் குரல் அடக்கிற்று. முகிலற்ற வானம் நோன்பிருப்பவர் முகம்போல் வெளிறி, எதையோ இரந்து காத்திருந்தது.

அந்நாளிலும் கண்ணாடி ஆலையின் உலை எரிந்துகொண்டிருந்தது. அணைந்தால் உருகிய குழம்பு உள்ளேயே இறுகி உலையைப் பிளந்துவிடும். ஆகவே சங்கக் கூட்டம் நடக்கும்போதும் உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் நெருப்பின்முன் நின்றாக வேண்டும். அவர்கள் தம் எண் பொறித்த பித்தளை வில்லையை நம்பகமானவர் கையில் கொடுத்தனுப்புவர். கூட்டத்து மேசைமேல் வைத்த வில்லை, உயர்த்திய கைக்கு நிகர். இது தொன்றுதொட்ட வழக்கம்.

அன்று பிற்பகல் புதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் பெறச் சங்கத் தலைவர் கூட்டம் கூட்டியிருந்தார். அவருடைய தங்கைக்கு, புட்டிகளை விளக்கொளியில் பிடித்து விரிசல் தேடும் வேலை. மயிரிழை விரிசலும் அவளுக்குத் தப்பாது. உணவு இடைவேளையில் பலகையில் தொங்கிய ஒப்பந்தப்படியை அவள் புரட்டினாள். பதினோராம் பக்கத்தின் அடியில் அவள் விரல் நின்றது. மாற்று ஆள் முறை நீக்கப்படுகிறது.

உலைவாயில் மூவர் நிற்க, நான்காமவர் விசிப்பலகையில் அமர்ந்து மூச்சு வாங்குவார். கால்மணிக்கு ஒருமுறை இடம் மாறுவர். அண்ணன் தங்கை இருவரின் தந்தை உலைமுன் சுருண்டு விழுந்து மாண்ட ஆண்டில், அண்ணனே நாற்பது நாள் போராடிப் பெற்ற உரிமை அது. இன்று அங்கே நிற்பவன் அவள் கணவன். சென்ற வாரம் அவன் மயங்கிச் சாய்ந்தபோது தாங்கியது ஒரு மாற்று ஆளின் தோள்.

அவள் உலைக்கு ஓடினாள்.

"என்னங்க, நாலாவது ஆள் இனிமே கிடையாதாம். பதினொன்னாம் பக்கத்துல போட்டிருக்கு."

கணவன் இரும்புக் குழலைத் தாழ்த்தினான். "மச்சானா ஒத்துக்கிட்டாரு?"

"நேத்துகூட என் தோள்ல கை போட்டு, ஒரு குறையும் வராது, இந்தத் தடவை வில்லை அனுப்ப வேண்டாம்னாரே," என்றார் மூத்த உலைக்காரர்.

"இன்னும் எவ்வளவு சுமை தாங்கும்னு தோளை அளவெடுத்திருப்பாரு," என்றான் அடுத்து நின்றவன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மேலங்கியின் முனையை விரித்துப் பிடித்தாள். அனல் ஏறிய வில்லைகள் ஒவ்வொன்றாய் அதில் விழுந்தன. ஐம்பது. மடியில் சூடு பொறுக்க, முற்றத்தைக் கடந்து அவள் விரைந்தபோது நெஞ்சின் துடிப்பும் பித்தளையின் ஒலியும் ஒன்றாயின.

மன்றத்தில் தலைவரின் கணீர்க்குரல் முழங்கிக்கொண்டிருந்தது. "ஆதரவு அறுபது, எதிர்ப்பு நாப்பது. ஒப்பந்தம் நிறை..."

"அண்ணா, நில்லு."

வில்லைகள் மேசைமேல் சரிந்தன. "உலையில நிக்கிறவங்க ஐம்பது பேரு. எல்லாரும் வேண்டாங்கிறாங்க."

"வில்லை வழக்கம் இந்தத் தடவை இல்லம்மா. நிர்வாகக் குழு முடிவு பண்ணியாச்சு."

"எப்போ தலைவரே, கனவுலயா?" என்றான் கட்டுக்கட்டும் பிரிவில் குண்டூசி என்று பெயர் பெற்ற மெலிந்தவன். மன்றம் சலசலத்தது.

அவள் ஒப்பந்தப்படியை நீட்டினாள். "பதினொன்னாம் பக்கத்தை நீயே படி. உன் குரல்தான் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்."

அவர் படித்தார். ஆலை முற்றத்தையே அதிரவைத்த அக்குரல் பாதி வரியில் தளர்ந்தது.

"சம்பளம் கூடுதுன்னுதானய்யா சொன்னீங்க," என்று எழுந்தார் ஒரு முதியவர். "நான் தூக்கின கையை எறக்கிக்கிறேன்."

பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பிறகு ஒரு வரிசை முழுதும். நாற்காலிகள் பின்னுக்குச் சறுக்கின.

"நாலாவது ஆளை எடுக்கலேன்னா ஆலையை மூடிடுவோம்னு முதலாளிங்க சொன்னாங்க," என்றார் தலைவர். "நூத்தம்பது குடும்பம். நான் பயந்துட்டேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா. எல்லாரும் சேர்ந்து பயந்திருப்போம்."

மறுவாக்கெடுப்பில் ஒப்பந்தம் வீழ்ந்தது. மீண்டும் பேச ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் இருவர் உலைக்காரர், ஒருத்தி அவள். குண்டூசி மேசைமேல் ஏறிப் பெயர்களை உரக்கக் கூவினான். கைதட்டலில் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. அந்த ஆரவாரத்தின் நடுவே தலைவர் இறங்கிச் சென்றதை அவள் ஒருத்தியே கண்டாள்.

வில்லைகளைத் திருப்பிக் கொடுக்க உலைக்கு வந்தாள். அண்ணன் அவளுக்கு முன்பே அங்கே நின்றார், கையுறை அணிந்திருந்தார்.

"மாப்பிள்ளே, நீங்க உக்காருங்க. இந்தக் கால்மணி நான் நிக்கிறேன்."

"பழக்கம் விட்டுப்போச்சே மச்சான். தாங்குமா?"

"தாங்கலேன்னா நாலாவது ஆளு இருக்கீங்களே."

கணவன் விசிப்பலகையில் அமர்ந்தான். தந்தை விழுந்த இடத்தை நோக்கி அவள் கைகூப்பினாள். அம்மா அந்தியில் பாடும் பதிகத்தை மெல்லிய குரலில் தொடங்கினாள். மூன்றாம் அடியில் அண்ணனின் குரல், உலையின் இரைச்சலுக்கும் கீழே தாழ்ந்து, வந்து சேர்ந்தது.

பாட்டு முடிந்தது. அவர் திரும்பவில்லை, நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"நல்லா இரும்மா. இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் நல்லா இருக்கணும்."