ஒன்பது நகல்கள்

1

இந்தக் கதை ஒரு மனுவில் தொடங்கியது. அந்த மனுவைத் தட்டச்சு செய்தவள் நான். பின்னால் சொன்னால் நழுவப் பார்த்ததாக நினைப்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2010 பிப்ரவரி. சிதம்பரத்தில் மாலை வகுப்பில் தமிழ்த் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "6.10. மாமாவின் மனு. பிழை இல்லை."

பிழை இல்லையாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: சிந்துஜா சிரித்துக்கொண்டிருந்த அந்தப் புகைப்படத்தில்—

[அடித்துவிட்டேன். வருணித்தால் இன்னொரு முறை காட்டியதாகிவிடும்.]

இரண்டாம் முயற்சி: கீரப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீடு தட்சிணாமூர்த்தி மாமாவுடையது. அவர் மகள் சிந்துஜா பன்னிரண்டாம் வகுப்பு.* யாரோ அவள் பெயரிலும் படத்திலும் இணையத்தில் ஒரு பொய்ப் பக்கம் தொடங்கி, வீட்டுத் தொலைபேசி எண்ணையும் போட்டு, அசிங்கமாக நாலு வரி எழுதியிருந்தார்கள். கண்டவர்களும் கூப்பிட்டார்கள். அவள் அம்மா அமராவதி அத்தை போன் வயரைப் பிடுங்கிப் போட்டார். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

(* பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊரில் யாரும் அதனால் ஏமாறப்போவதில்லை.)

3

தெருக்குழாய், ரேஷன் கார்டு, மின்கம்பம் எல்லாவற்றையும் மனு கொடுத்தே வாங்கியவர் மாமா. பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு நேராக என் வகுப்புக்கு வந்தார்.

"பொன்னி, நல்லா அடிம்மா. இதுல இருக்கறது எம் பொண்ணு இல்லன்னு அழுத்தமா வரணும்."

"எத்தன பேருக்கு மாமா?"

"ஸ்கூல் எச்செம் அம்மா, போலீஸ் ஸ்டேஷன், கலெக்டரு. பெத்தோர் சங்கத்துல ஆறு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜெராக்ஸ் வெச்சுடு. ஆதாரம் இல்லாம எவன் நம்புவான்?"

"சிந்துஜாகிட்ட கேட்டீங்களா மாமா?"

[இதை நான் கேட்கவில்லை. மூன்று வரைவுகளில் கேட்டிருக்கிறேன். அன்று கேட்கவில்லை.]

'இணைப்பு: 1' என்று அடித்தேன். ஒன்பது மனுவுக்கும் குண்டூசியை இடது மூலையில் ஒரே மாதிரி குத்தினேன்.

4

சங்கத்துக்காரர்கள் படித்துவிட்டு வீட்டில் வைத்தார்கள். அந்த வீடுகளில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டே நாளில் காகிதம் டியூஷனுக்குப் போனது. பிறகு சிந்துஜா போகிற டவுன் பஸ்ஸுக்கு.

"டேய், இணைப்பு ஒண்ணு ஏறுது பாரு!"

"அப்பனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்டா!"

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தவள், மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. நான் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"நெட்டுல பாத்தவங்களுக்கு நான் யாருன்னே தெரியாதுக்கா. நீங்களும் அப்பாவும் தெரிஞ்சவங்களாப் பாத்துக் குடுத்தீங்க."



மாமா வீடு வீடாகப் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். ஆறில் நாலு கிடைத்தன. ஒன்று மடிப்பில் கிழிந்திருந்தது. அத்தனை கை மாறியிருக்கிறது. "அவளுக்கு நல்லதுன்னுதானம்மா செஞ்சேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இணையத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு வாரத்தில் நீக்கப்பட்டது. மீதி இரண்டு காகிதங்கள் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

5

பெற்றோர் யாராவது படிக்கிறீர்களா? ஆதாரம் வேண்டும்தான். ஒரே பிரதி, ஒட்டிய உறையில், விசாரிக்க வேண்டியவர் கையில் மட்டும் கொடுங்கள். அதற்கும் முன்னால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்யட்டும் என்று அவளையே கேளுங்கள். (இந்தப் பத்தி கதையைக் கெடுக்கிறது. கெடுக்கட்டும்.)

6

முடிவு அ: தேர்வின் முதல் நாள். மாமா சைக்கிளை நிறுத்துகிறார். அவள் பள்ளி கேட்டைத் தாண்டி—

முடிவு ஆ: காட்டுமன்னார்கோயிலில் சித்தி வீடு. ஆறே மாதத்தில் ஒரு மாப்பிள்ளை—

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதை அச்சானால் இதுவும் ஒரு நகல்தானே? அதனால் இரண்டு வருஷம் கழித்து, இந்த முறை முதலில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

"போடுங்கக்கா. ஆனா பரீட்சைக்குப் போனேனா இல்லியான்னு மட்டும் எழுதாதீங்க. அது ஒண்ணாவது ஊருக்குக் குடுக்காம இருக்கட்டும்."

7

எந்த முடிவு நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவளிடமே கொடுத்துவிட்டேன். வேறு பிரதி இல்லை.