கறுப்புத் திரைக்குப் பின்னால்

கிரிக்கெட் மைதானத்தில் பந்து வீசுகிறவனின் கைக்கு நேர் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பெரிய திரை நிற்கும். மட்டை பிடிப்பவன் கண்ணுக்குப் பந்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக அது. கீழே சக்கரம், தள்ளுவதற்கு இரண்டு ஆள். மட்டைக்காரன் கையை ஆட்டிக் காட்டும் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் கிடக்கும் பலகையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஓவர் முடியும்வரை அங்கே ஈ பறக்கக்கூடாது. படிக்கட்டில் யார் இறங்கி வந்தாலும் கையைத் தூக்கி நிறுத்துவதும் இவர்கள் வேலைதான். மந்திரியே வந்தாலும் நிற்கத்தான் வேண்டும்.

இந்த வேலையில் தலை நரைத்தவர் திரைக்காரர். கூடத் தள்ளுகிறவன் அவர் மனைவியின் தம்பி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நில் என்றால் ஒரு அடி தாண்டித்தான் நிற்பான், அதனால் ஊருக்கெல்லாம் அவன் நோபால். உலகக் கோப்பை ஆட்டங்கள் அந்த மைதானத்துக்கு வந்தபோதெல்லாம் இரண்டு பேரும் திரைக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பந்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

"அடுப்படியில வேகுறவனுக்கு மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னு தெரியுமா? அந்தக் கதைதான் உங்க கதை" என்பாள் மனைவி.

அவள் வீட்டில் டிவியில் பார்ப்பாள். அவர் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், அவர் முதுகுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் பந்து பந்தாகச் சொல்வாள். கோப்பைகளின் பழங்கதையும் அவருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். முதல் மூன்று கோப்பையும் ஒரே நாட்டில். அறுபது ஓவர், வெள்ளைச் சட்டை, சிவப்புப் பந்து. நாலாவது கோப்பை கடல் தாண்டிப் போனது, ஓவர் ஐம்பதானது. ஐந்தாவதில் சட்டைக்கு நிறம் வந்தது, பந்து வெளுத்தது. பந்து வெளுத்தால் திரை கறுக்கவேண்டும். அந்த வேலை இந்த மைதானத்துக்கு வந்தபோது ஆள் பற்றாமல் அவளும் வந்து பிரஷ் பிடித்தாள். புதிதாகக் கல்யாணமானவள். முழங்கையில் ஒட்டிய பெயிண்ட் ஒரு வாரம் போகவில்லை.

"உங்க நெறம் எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள்.

அதே ஐந்தாவது கோப்பையின் அரையிறுதியில் மழை வந்து ஆட்டத்தை நிறுத்தியது. மழை விட்டு வந்து பார்த்தால், ஜெயிக்கிற நிலையில் இருந்தவர்களுக்கு ஒரே பந்து மிச்சம், இருபதுக்கு மேல் ஓட்டம் வேண்டும். அந்த அநியாயத்தை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. பின்னாளில் ஒரு இறுதி ஆட்டம் இரண்டு தரம் சமமாகி, யார் அதிகம் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணிக் கோப்பையைக் கொடுத்தபோது, "வீட்டுச் சண்டையில கூட இப்படித் தீர்ப்பு சொல்லமாட்டாங்க" என்று டிவியை அணைத்துவிட்டாள்.

இப்போது அவள் நெஞ்சில் நீர் கோத்து, மைதானத்துக்குப் பின் தெருவில் உள்ள ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி மருந்து பெரிதாகக் கேட்காது என்பதை டாக்டர் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"மழை விட்டுப்போச்சு, பாக்கி ஒரு பந்துதான்ங்கிறீங்க. அதானே டாக்டர்?"

டாக்டர் விழித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வருஷக் கோப்பையின் அரையிறுதி அதே மைதானத்தில். அன்று காலை திரைக்காரர் கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் போகிற நேரத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவா முடியும்?

"நான் போகல. இன்னிக்கு வேற ஆளப் போட்டுக்கட்டும்."

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்தா நோவு கொறையுமா? நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டா எனக்கு நோவு கூடத்தான் செய்யும். போங்க. பகல் ஆட்டந்தானே. டிவி எதிர்லதான் இருக்கு, சாயந்தரம் வந்து கதை கேளுங்க."

வாசல்வரை வந்த மகளிடம் அவர் குரலைத் தாழ்த்தினார். "மைதானத்துல போன வாங்கி வச்சுக்குவாங்க. அம்மாவுக்கு ஒரு மாதிரின்னா, ஓடி வந்துரும்மா. கேட்ல உன்ன விட்டுருவாங்க."

"வர்றேன்ப்பா."

மதியம் இரண்டாவது அணி ஆடிக்கொண்டிருந்தது. புதிய ஓவர் தொடங்கியது. முதல் பந்துக்குச் சத்தம் இல்லை. ஓட்டம் இல்லை என்று அர்த்தம். அப்போது படிக்கட்டின் உச்சியில் மகள் தெரிந்தாள். ஒரு படி இறங்கினாள்.

திரைக்காரரின் கை தானாக எழுந்தது.

மகள் நின்றாள். அவளும் அந்த மைதானத்தில் வளர்ந்த பிள்ளை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் வயதிலேயே, அந்தக் கை எழுந்தால் காலை அசைக்கக்கூடாது என்று பழகியவள்.

சோறு போட்ட பழக்கம் இப்படி ஆளையே தின்றுவிடுமா? பெற்ற மகளை, அதுவும் இன்றைக்கு, கை காட்டி நிறுத்திவிட்டார். தன் கையையே ஒருமுறை பார்த்தார். எழுந்து ஓடத்தான் நினைத்தார். அதற்குள் அவள் முகத்தில் ஒன்றைக் கண்டார். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. தலைமுடி கலையவில்லை. ஓடி வரச் சொன்ன பிள்ளை நடந்து வந்திருக்கிறாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பந்துக்கு ஒரு சின்ன கைதட்டல். ஒரு ஓட்டம். மூன்றாவதற்கு "ஓ" என்று நீண்டது. மட்டையைத் தொடாமல் போயிருக்கிறது. அவர் கையை இறக்கவில்லை. இந்த ஓவர் முடியாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. முடிகிறவரை மனைவியை யாரும் செத்தவள் என்று சொல்லமுடியாது. நாலாவது பந்து வைடு. கூட்டம் சிரித்தது. ஒரு பந்து கூடக் கிடைத்ததே என்று அவர் நெஞ்சு அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. அடுத்த பந்துக்கு அவுட் கேட்டுக் கத்தினார்கள். தீர்ப்பு டிவி நடுவரிடம் போயிருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம்.

"மாமா, அங்க நிக்கிறது நம்ம பாப்பாதானே?" நோபால் இப்போதுதான் பார்த்தான். "அக்காவுக்கு என்னவாம்?"

அவர் கண் மகளை விட்டு நகரவில்லை.

படிக்கட்டின் ஓரத்தில் இருந்தவன் ஒருவன் மகளைப் பார்த்து, "உக்காரும்மா, மறைக்குது" என்றான். அவள் உட்காரவில்லை. இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள், தாடை நடுங்கியது. அழுதால் உடம்பு அசையும், அசைந்தால் அப்பாவுக்கு வேலை போகும் என்று நிற்கிறாள். அத்தனை ஆயிரம் பேர் நடுவில் அந்தச் சாவைத் தனியாகச் சுமந்துகொண்டு நிற்கிறாள். தான் நாலு பந்துக்கு ஆசைப்பட்டதன் பாரம் முழுக்கப் பிள்ளையின் தலையில் இறங்கியிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எழுந்தார்.

"மாமா! உக்காருங்க, பவுலர் ஓடி வர்றான்! மாமா!"

திரையின் ஓரத்தைக் கடந்து படிக்கட்டை நோக்கி நடந்தார். பின்னால் மட்டைக்காரன் கையை நீட்டி விலகியிருக்க வேண்டும், பந்து வீசுகிறவன் பாதியில் நின்றிருக்க வேண்டும். மைதானமே ஊளையிட்டது. "யோவ் பெருசு!" என்று ஒருவன் விசிலடித்தான். இந்தச் சத்தத்துக்கு ஒருநாளும் ஆளாகக்கூடாது என்றுதான் வாலிபத்திலிருந்து அடங்கி உட்கார்ந்திருந்தார். இன்று அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினார்.

மகளின் கையில் இருந்தது அவளுடைய அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

"வலிச்சுதாம்மா?"

"இல்லப்பா. ஆட்டம் பாத்துட்டே இருந்தாங்க. திடீர்னு கண்ணாடியக் கழட்டி என்கிட்ட குடுத்தாங்க. கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன், விக்கெட் விழுந்தா எழுப்புன்னாங்க." அவள் நிறுத்தி மூச்சை இழுத்தாள். "விழுந்துச்சுப்பா. எழுப்பினேன்."

அவர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். இப்போதுதான் அவள் அசைந்தாள். அப்புறம் அந்த நடுக்கம் நிற்கவே இல்லை.

கீழே மைதான ஆட்களின் மேஸ்திரி, "திரைக்கு ஆள் எங்கடா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஆள் இல்லை. நோபாலும் பலகையை விட்டு எழுந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தான். பாதிப் படியில் அவர்கள் முகத்தைப் பார்த்தான். அங்கேயே உட்கார்ந்து, "அக்கா" என்றான்.