மூன்றாம் பக்கத்தில் நாற்பத்தேழு பேர்

கவுன்சிலர்கள் முகநூலில் எழுதுவதைப் படிப்பதற்கென்றே ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறையில், அப்படி ஒருத்தி பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கட்டடம் முழுக்க அவளுக்குப் பெயர் புகார் அக்கா. எந்தக் கவுன்சிலர் யாரைத் திட்டி எழுதினார், யார் படத்தைப் போட்டுக் கேலி செய்தார் என்று புகார் வந்தால், அதை விசாரித்து நடத்தைக் குழுவின் முன் வைப்பது அவள் வேலை.

"நாள் பூரா ஃபோன நோண்டுறதையே உத்தியோகமா வச்சிருக்கிற ஒரே ஆள் நீதான்" என்பார் வீட்டுக்காரர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த வேலை அவளுக்கு மனதாரப் பிடித்திருந்தது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தாள் என்று இத்தனை வருடத்தில் ஒரு கட்சிக்காரரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இருக்கட்டுமே, நியாயமான கர்வம்தான்.

அந்த மாதம் வந்த புகார் மைக் மேல். அந்தக் கவுன்சிலர் பேச எழுந்தால் மைக் தேவைப்படாது, அதனால் ஊர் வைத்த பெயர் அது. நல்ல மனிதர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கொட்டுகிற மழையிலும் வந்து நிற்பார். ஆனால் கையில் ஃபோன் இருந்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. ஊரில் பாதிக்குத் தண்ணீர் வராத நேரத்தில், குடிநீர்ப் பிரிவு இன்ஜினியர் வீட்டுத் தோட்டத்தை மதிலுக்கு மேல் எட்டிப் படம் பிடித்து, 'நமக்குக் குழாயில் காற்று, ஐயாவுக்குத் தோட்டத்தில் ஆறு. தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா?' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

இன்ஜினியர் அதிகம் பேசாதவர். இருபத்தாறு வருடச் சர்வீஸ். மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அவருக்குத் தண்டனை வாங்கிக் குடுங்கன்னு நான் கேக்கல மேடம். நான் திருடலன்னு அதே பக்கத்துல அவர் ஒரு வரி எழுதினாப் போதும். முடி வெட்டப் போனா, கத்திரிய வச்சுக்கிட்டே 'என்ன சார், தோட்டம் செழிப்பா இருக்கா'ன்னு கேக்குறாங்க."

அக்கா நேரில் போய்ப் பார்த்தாள். ஊரே பேசிய அந்தத் தோட்டம் ஆறு அவரைக்கொடியும் இரண்டு வாழையும்தான். துணி துவைத்த தண்ணீர் ஒரு பழைய குழாய் வழியாக நுரையோடு அங்கே போய்க்கொண்டிருந்தது. மீட்டர் சுவரோரமாகத் தரையோடு இருந்தது. முழங்கால் வலியோடு குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள். பக்கத்து வீடுகளைவிடக் குறைவு.

அடுத்து மைக்கைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"அது என் சொந்தப் பக்கம் அக்கா. கவுன்சிலரா எழுதல, சாதாரண மனுஷனா எழுதினேன்."

"அப்ப எதுக்கு சார் அதுல மன்றத்து நாற்காலியில உக்காந்திருக்கிற படம்?"

மைக் தலையைச் சொறிந்தார். "அந்தப் படத்துலதான் கொஞ்சம் ஒல்லியா தெரியிறேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? வழக்கு முடிந்த மாதிரிதான். குழுவுக்கு அனுப்பக் கோப்பைக் கட்டுகிற அன்றைக்குத்தான் வந்தது வினை.

ஆதாரம் எடுப்பதற்கென்று இருந்த அலுவலக முகநூல் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியாகிக் கிடந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு மூன்று முறை எழுதியும் அசைந்து கொடுக்கவில்லை. சரி போகட்டும் என்று அக்கா தன் சொந்த ஃபோனிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டாள். பக்கங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த தட்டச்சுக்காரி, எதையும் படிக்காமல் விடாதவள், மெல்ல நிமிர்ந்தாள்.

"அக்கா, மூணாம் பக்கம் பாத்தீங்களா?"

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: 'நீங்களும் மேலும் 46 பேரும் இதை விரும்பினீர்கள்.'

"நீங்களும்னா யாரு அக்கா? ஃபோன் யாரோடதோ அவங்கதானே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பதினேழு நாளாகத் தண்ணீர் இல்லை. காலி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்த்தாள், "நல்லா வேணும்" என்று சிரித்தாள், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். புகாரே வராத நாள் அது. அன்றோடு மறந்தும் போனாள். மனு வந்த பிறகு பதிவை எழுத்தெழுத்தாகப் படித்தவள், தன்னைப் பற்றிய அந்த ஒரு சொல்லை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள். பாவி மகள்.

தட்டச்சுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "கீழ ரெண்டு விரக்கடை வெட்டிட்டு வேற பிரிண்ட் எடுத்துரலாம். இன்னும் யாருக்கும் அனுப்பலையே."

அக்காவுக்கு வெட்டலாம் என்று தோன்றவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். தோன்றியது, பலமாகவே தோன்றியது.

"ஆதாரத்துல ஒரு ஓரத்தையும் வெட்டக்கூடாதுன்னு விதி எழுதினதே நான்தான்டி" என்றாள் கடைசியில்.

இன்னொரு விதியும் இருந்தது. விசாரிக்கிறவர் முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதைப் புகார் கொடுத்தவரிடம் சொல்லி, ஆட்சேபப் படிவம் கொடுக்க வேண்டும். அவர் ஆட்சேபம் உண்டு என்று எழுதினால் கோப்பு வெளியூர் அதிகாரிக்குப் போய் முதலிலிருந்து தொடங்கும். குறைந்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அந்தப் பதிவு அங்கேயே தொங்கும், அவரும் திருடராகவே ஊரில் நடமாட வேண்டும். ஆட்சேபம் இல்லை என்று எழுதினால் இவளே தொடரலாம். எதை எழுதினாலும் உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார். குழுவின் முன்தான் பிரிக்கலாம்.

கீழே குடிநீர்ப் பிரிவுக்கு இறங்கிப் போனாள். படிகளில் இரண்டு முறை நின்றாள்.

"சார், உங்களப் பத்தின அந்தப் பதிவுக்கு நானும் லைக் போட்டிருக்கேன்."

இன்ஜினியர் பேனாவை மூடி வைத்தார்.

"அது வந்த அன்னிக்கே, ஞாயித்துக்கிழமை. எங்க தெருவுல பதினேழு நாளா தண்ணி இல்ல. கோவத்துல போட்டுட்டேன்."

"எந்தத் தெரு மேடம்?"

"பழைய தபால் ஆபீஸுக்குப் பின்னாடி."

அவர் தலையாட்டினார். "அங்க மெயின் குழாய் உடைஞ்சிருந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பூரா நான் அந்தக் குழிக்குள்ளதான் நின்னேன். வீட்டுக்கு வந்து சேத்தக் கழுவுறதுக்குள்ள பொண்ணு ஃபோன நீட்டுனா."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்ததும், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியதும் நினைவுக்கு வந்தன.

"மன்னிச்சிருங்க சார்."

அவர் படிவத்தை வாங்கி வெகுநேரம் எழுதினார். மடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

ஆட்சேபம் இல்லை என்று எழுத இவ்வளவு நேரமா ஆகும்? அவ்வளவுதான், போச்சு என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு லைக்குக்கா இவ்வளவு? நீ என்ன கல்லா எறிஞ்ச?" என்றார் வீட்டுக்காரர்.

"அவர் எறிஞ்சார். நான் கைதட்டினேன்."

அவர் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர், ஒரு பக்கம் மைக், ஒரு பக்கம் இன்ஜினியர். அக்கா எழுந்து நின்று முதலில் மூன்றாம் பக்கத்தைத்தான் எடுத்தாள். மறைக்காமல், பூசி மெழுகாமல் சொன்னாள். சலசலப்பு எழுந்தது.

"அட, அக்கா நம்ம ஆளா?" என்றார் மைக். அவர் மெதுவாகச் சொன்னதாக நினைத்தது அறை முழுக்கக் கேட்டது.

குழுத் தலைவி உறையைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் படித்தார். பிறகு தாளை அக்காவிடம் நீட்டினார். "இத நீங்களே சத்தமாப் படிங்க."

அக்கா படித்தாள்.

'ஆட்சேபம் இல்லை. காரணம்: புகார் கொடுப்பதற்கு முன்பே அந்த நாற்பத்தேழு பெயர்களையும் படித்துவிட்டேன். என் தம்பி பெயர் இருந்தது. என் கீழ் வேலை செய்யும் மூன்று பேர் பெயர் இருந்தது. இந்த அதிகாரி பெயரும் இருந்தது. தெரிந்துதான் இவரிடம் வந்தேன். சிரிக்காத ஆளைத் தேடிப் போவதென்றால் இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. நாற்பத்தேழு பேரில் என் வீட்டுக்கு வந்து, குனிந்து மீட்டரைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.'

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அக்கா அழுதாள். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் மனசு முழுக்க நிறைந்திருந்தது.

மைக் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, இன்ஜினியர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்."

இன்ஜினியர் அவரைப் பார்க்கவில்லை. கையில் தாளோடு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"முதல்ல நீங்க உக்காருங்க மேடம்" என்றார். "முழங்கால் வலிக்குமே."